ஒரு வாஷர் மிச்சம்

“ஒரே மூச்சா தூக்குங்கப்பா… ஐயோ, அந்தப் பக்கம் நிக்கவே இடமில்லையே, எங்க புடிக்கிறது?”

அப்பாவின் அலுவலகத்திலிருந்து வந்த நான்கு பேர் மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த சந்தில் ஒரு வண்டி நிற்கலாம். பக்கத்தில் ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம். அவ்வளவுதான் அகலம். வீட்டு வாசலும் அந்தச் சந்தில்தான் திறக்கும். வண்டியோ முன் சக்கரம் இல்லாமல், சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள் இரண்டும் இல்லாமல், இரண்டு சிமெண்ட் கற்களின் மேல் வயிற்றை வைத்துப் படுத்திருந்தது. உருட்ட முடியாது. இருபுறமும் ஆள் நின்று தூக்கவும் முடியாது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்தபோது ஸ்ட்ரெச்சரை வண்டிக்கு மேலே தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து எப்படியோ உள்ளே நுழைத்துவிட்டார்கள். சவப்பெட்டியை அப்படித் தூக்க முடியாது.

“பின்னாடி இழுத்துப் போட்டா என்ன?”

“பின்னாடி தண்ணித் தொட்டி இருக்கு சார். யாரு சார் சாவு வீட்ல வண்டியப் பிரிச்சுப் போட்டது?”

“பிரிக்கும்போது சாவு வீடு இல்லையே,” என்று மெதுவாகச் சொன்னார் இன்னொருவர்.

சின்னவள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவள் அந்தச் சந்தைக் கடக்கும்போதெல்லாம் மதில் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தாள். இப்போது திருப்ப முடியவில்லை.

“நான் மாட்டிடறேன்,” என்றாள்.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேற்றுதான் வந்திருந்தான். கண்கள் வீங்கியிருந்தன. “எவ்ளோ நேரம் ஆகும்?”

‘அரை மணி’ என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

“எவ்ளோ நேரம்னு கேட்டேன். பதினொண்ணுக்கு அப்பாவ ஏத்திட்டுப் போற வண்டி வந்துடும்.”

“பத்தே முக்காலுக்குள்ள முடிச்சிடறேன்.”

“அவ மாட்டுவா தம்பி, நீங்க உள்ள போங்க,” என்று மதிலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டு வேன்காரர். சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார். “நான் கூட நிக்கிறேன் பாப்பா. இன்னொரு கை இருந்தா சட்டுனு ஆகும். என்ன எடுத்துக் கொடுக்கணும், சொல்லு.”

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், “அந்தத் துணி மூட்டை மாமா,” என்றாள்.

பழைய போர்வையில் சுற்றியிருந்த பாகங்களை அவர் கொண்டுவந்து வைத்தார். அவள் குந்தி உட்கார்ந்து போர்வையைப் பிரித்தாள். எல்லாம் அவள் வைத்தபடியே இருந்தன. கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதிய காகிதத் துண்டு. அவள் எதையும் அப்படித்தான் செய்வாள். பகலில் துணிக்கடையில் பில் போடும் வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலையில் மெக்கானிக் வகுப்பு. வகுப்பில் இருபத்திரண்டு பேர். அவள் ஒருத்திதான் பெண். மற்றவர்கள் கேட்டுவிட்டு மறந்துபோவதை அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். எழுதிய பிறகும் சந்தேகம் வரும். வீட்டுக்கு வந்து மறுபடி எழுதுவாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை பார்க்கிற ரகம். அப்பா அவளை ‘மேஸ்திரி’ என்றுதான் கூப்பிடுவார்.

அப்பாவுக்கு மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. பன்னிரண்டு வருஷமாகத் தெருத் தெருவாக அந்த வண்டியில்தான் சுற்றினார். வண்டியின் முன்பக்கம் மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. பிரேக்கைத் தொட்டால் போதும், மூக்கு தரையை முட்டுகிற மாதிரி குனியும். பின்னால் உட்கார்ந்த அம்மாவின் தலை அப்பாவின் முதுகில் போய் இடிக்கும். “நம்ம வண்டி மரியாதை தெரிஞ்ச வண்டி. யாரு குறுக்க வந்தாலும் கும்பிடும்,” என்பார். போன மாதம் ஒரு வளைவில் வண்டி கும்பிட்ட கும்பிடில் அப்பாவின் முழங்கை உரிந்துபோனது. அன்றைக்குத்தான் அவள் சொன்னாள்: “வகுப்புல சொல்லிக் கொடுத்துட்டாங்கப்பா. முன் சக்கரத்தத் தாங்குற ஃபோர்க் குழாய்ல புது ஸ்பிரிங் போட்டு, கெட்டியான ஆயில் ஊத்தினா சரியாயிடும். வீட்லயே பண்ணலாம்.”

“மேஸ்திரி சொன்னா சரி,” என்றார். “நான் கூடமாட ஒத்தாசை பண்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தார்கள். அம்மா விடுதிச் சமையலறையில் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கையெல்லாம் ஆயில் என்பதால் நோட்டு அவர் மடியில் இருந்தது. ஒவ்வொரு படியாக அவர் வாசிப்பார், அவள் செய்வாள், முடித்த நேரத்தை அவர் ஓரத்தில் பென்சிலால் குறிப்பார். நேரம் குறிப்பது அவள் பழக்கம். அடுத்த முறை எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிய வேண்டுமே.

“அஞ்சு. ஆயில் ஊத்திட்டு, குழாயை மெதுவா மேலயும் கீழயும் இழுத்துக் காத்த எடுக்கணும்,” என்று வாசித்தார் அப்பா. “ஆறு. ஆயில் மட்டம் ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். ‘சமமா’வுக்கு அடில ரெண்டு கோடு போட்டிருக்க. வாத்தியாரு மிரட்டினாரா?”

“இல்லப்பா. நானா போட்டேன்.”

“அதான பாத்தேன்.”

குழாயின் வாயிலிருந்து ஆயில் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளவுகோலை விட்டுப் பார்த்தாள். இடது பக்கம் நூற்று நாற்பது மில்லிமீட்டர். வலது பக்கம் மூன்று குறைவு; அங்கே ஆயில் கூடிவிட்டது. கொஞ்சம் ஆயிலை உறிஞ்சினாள். இப்போது இரண்டு அதிகம். மறுபடி ஊற்றினாள். மூன்றாவது முறையும் நம்பிக்கை வரவில்லை.

“ஏழு என்ன எழுதிருக்க?” என்றார் அப்பா. “எழுத்து மங்கலா தெரியுது.”

“கண்ணாடி போட்டுக்கோங்கப்பா,” என்றாள், குழாய்க்குள் குனிந்தபடியே.

கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இருந்தார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பாப்பா?”

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வேன்காரர் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இது எந்தப் பக்கம்?”

“இடது, மாமா. கோடு கிழிச்சிருக்கேன் பாருங்க, அதுவரைக்கும் மேல ஏத்துங்க.”

ஆயிலோடு மதிலில் சாய்த்து வைத்திருந்த இரண்டு குழாய்களின் வாயிலும் அன்றைக்கே பிளாஸ்டிக் தாளைக் கட்டி வைத்திருந்தாள். எப்போது கட்டினாள் என்பது நினைவில்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் இருக்க வேண்டும். அப்பா தரையில் கிடக்க, தூசி விழுந்துவிடக் கூடாது என்று குழாய்க்கு மூடி கட்டியிருக்கிறாள். நினைத்தபோது காது மடல்கள் சுட்டன.

ஸ்பிரிங்கை உள்ளே விட்டாள். வீட்டிலேயே ரம்பத்தால் அறுத்த சின்னக் குழாய்த் துண்டு அதன் மேல். நடுவில் ஒரு வாஷர். மேலே மூடி. வேன்காரர் பிடித்துக்கொள்ள, மூடியை அழுத்தித் திருகினாள். புது ஸ்பிரிங் விறைப்பாக எதிர்த்துத் தள்ளியது. வலது பக்கத்துக்கும் அதேபோல ஒரு வாஷர்.

போர்வையில் ஒரு வாஷர் மிச்சம் இருந்தது.

அன்றைக்கும் இருந்தது. நோட்டில் இரண்டு என்று இருந்தது. கையில் மூன்று இருந்தது. அந்த மூன்றாவது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆக்சிலிலிருந்தா, பிரேக்கிலிருந்தா, மட்கார்டிலிருந்தா? கழற்றிய ஒவ்வொன்றையும் முதலிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தாள்.

“மேஸ்திரி, இன்னும் எவ்ளோ நேரம்?” என்றார் அப்பா.

“அரை மணிப்பா.”

“இல்ல… நெஞ்சுல என்னவோ அடைச்ச மாதிரி இருக்கு. வண்டி ரெடியாச்சுன்னா டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்னு பாத்தேன்.”

அப்போது நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் நெற்றி வேர்த்திருந்தது. எல்லோருக்கும் வேர்க்கிற வெயில்தான்.

“ரொம்ப வலிக்குதாப்பா?”

“வலியெல்லாம் இல்ல. நீ முடி. அவசரமில்ல.”

அவள் எழுந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் வேன்காரர் வீட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது. வேன் வாசலில் நிற்பதும் தெரிந்தது. ‘மாமா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மதில் மேல் கையை வைத்தாள். ஆயில் கை, சுண்ணாம்பில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தது. மதில் நெஞ்சுயரம்தான். அவர் எழுந்து வந்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான்: குடல் சரிந்த மாதிரி கிடக்கிற வண்டி, தரையெல்லாம் ஆயில், நடுவில் ஒரு வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற அவள். முந்தின நாள் மாலைதான் அவர் அந்த மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டிருந்தார்: “நாளைக்குப் பிரிக்கிறியாமே பாப்பா? மாட்டினப்புறம் ரெண்டு நட்டு மிச்சம் வந்தா தூக்கிப் போட்டுடாத. எனக்குக் கொடு. என் வேன்ல நாலு குறையுது.” அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள்.

கையை எடுத்துவிட்டாள்.

“என்னம்மா?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா. இதோ ஆச்சு.”

அவர் நோட்டில் கடைசியாக எழுதியது 10.40. அவர் பக்கெட்டிலிருந்து சரிந்தபோது அவள் செல்போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது 11.18. முப்பத்தெட்டு நிமிஷம். இதற்குக் கூட்டல் கழித்தல் தேவையில்லை. ஆனாலும் இரண்டு ராத்திரியாகக் கழித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வந்தவர்கள் எல்லோரிடமும், “நல்லாத்தான் பேசிட்டு இருந்தாரு. திடீர்னு சாஞ்சுட்டாரு,” என்று சொன்னாள். முதலில் சொன்னது ஆம்புலன்ஸ்காரரிடம். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல வழியில்லை. நாலு பேர் அவள் தலையைத் தடவி, “கடைசி நேரத்துல நீயாவது பக்கத்துல இருந்தியே, புண்ணியவதி,” என்றார்கள். அந்தக் கைகளின் சூடு இன்னும் உச்சந்தலையில் இருந்தது. அம்மா மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாள்: “கடைசியா என்ன சொன்னாரு?” ஒவ்வொரு முறையும் அவள் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்துவிட்டாள்.

“மட்கார்டு போல்டு நாலும் ஆச்சு,” என்றார் வேன்காரர். “சக்கரத்தக் கொண்டாரவா?”

“கொண்டாங்க மாமா.”

அவர் சக்கரத்தைத் தூக்கி இரு குழாய்களுக்கும் நடுவே பிடித்தார். அவள் ஆக்சில் கம்பியைச் செருகினாள். நட்டை அவர் கையால் சுற்றிவிட்டு ஸ்பானரை எடுத்தார். சந்தின் முனையில் ஆட்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரோ தேம்பினார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாப்பா, ஒண்ணு கேக்கணும். ரெண்டு நாளா கேக்கணும்னு நெனச்சு, வாய் வரல.”

அவள் பிரேக் கேபிளைக் கோத்தாள்.

“ஞாயித்துக்கிழமை நான் வீட்லதான் கெடந்தேன். வேனும் வாசல்லயே நின்னுச்சு. ரேடியோவ அலற விட்டுட்டு பேப்பர் படிச்சிட்டு இருந்தேன், எருமைமாடு மாதிரி. மதில்ல உன் கை அச்சு இருக்கு. நேத்துதான் பாத்தேன். நீ வந்து கூப்பிட்டிருக்க. ரேடியோ சத்தத்துல எனக்குக் கேக்கல. அப்படித்தான?” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புறங்கையில் இருந்த ஆயில் கன்னத்தில் இழுபட்டது. “உங்கப்பா என்னைத் தம்பின்னு கூப்பிட்ட மனுஷன். ரேடியோவ நேத்து ராத்திரி எடுத்துப் பரண்ல போட்டுட்டேன்.”

‘இல்ல மாமா, திடீர்னு ஆயிடுச்சு’ என்று சொல்லிவிடலாம். மதிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், அதான் அச்சு என்றும் சொல்லலாம். எல்லோரும் நம்பியதை அவரும் நம்புவார். மனுஷர் நிம்மதியாக ரேடியோவை இறக்கி வைத்துக்கொள்வார்.

அவள் குனிந்து போர்வையைச் சுருட்டினாள். ஸ்பிரிங் வந்த பிளாஸ்டிக் உறை அதிலிருந்து கீழே விழுந்தது. உறையின் அடியில் ஆயிலில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சீட்டு. அன்றைக்கு அவள் அதைப் பார்க்கவில்லை. விரலால் வழித்துப் படித்தாள். ஸ்பிரிங் இரண்டு. வாஷர் மூன்று. ஒன்று உபரி.

வண்டியிலிருந்து கழற்றியதே அல்ல அது. புது உறையிலேயே கூடுதலாக வந்தது.

சீட்டை வெகுநேரம் பார்த்தாள். “ஒன்று உபரி” என்பதில் இன்னொரு அர்த்தம் கிடைக்குமா என்று தேடுபவள்போல. பிறகு, அவரைப் பார்க்காமலே, “நான் கூப்பிடல மாமா,” என்றாள்.

“என்ன?”

“மதில் வரைக்கும் வந்தேன். ஆனா கூப்பிடல. அப்பா நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னாரு. டாக்டர்கிட்ட போலாம்னும் சொன்னாரு. நான்தான் அரை மணின்னு சொன்னேன்.”

“ஏம்மா? வேன் இங்கதான நின்னுச்சு?”

அவள் வாஷரை விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தாள். “இது மிச்சம் வந்துடுச்சு. நீங்க பாத்தா சிரிப்பீங்கன்னு…”

அவர் முகத்தில் அது போய்ச் சேர்வதை அவள் பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியாத பார்வை. பிறகு சனிக்கிழமை மாலையைத் தேடிப் போகிற பார்வை. பிறகு வாய் லேசாகத் திறந்தது.

“நான் அத… சும்மா வெளையாட்டுக்கு…”

“தெரியும் மாமா.”

“உங்கப்பாவும் சிரிச்சாரேம்மா.”

“நானுந்தான் சிரிச்சேன்.”

அவர் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த நட்டில் ஸ்பானரைப் போட்டு இன்னொரு முறை இறுக்கினார். அது நகரவில்லை. மறுபடியும் இறுக்கினார். அவருடைய பாரத்தை இறக்கி வைக்கத்தான் உண்மையைச் சொன்னோமா, இல்லை தன்னுடையதில் பாதியை அவர் தோளில் ஏற்றிவிட்டோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சரியான காரியத்தைக்கூட நேராகச் செய்ய வரவில்லை என்று மட்டும் தோன்றியது.

“ஆச்சா?” என்று அண்ணன் சந்துக்குள் தலையை நீட்டினான். “மணி பத்து நாப்பது.”

“ஆச்சு,” என்றார் வேன்காரர், அவளுக்குப் பதிலாக.

கற்களைத் தள்ளிவிட்டு வண்டியை இறக்கினார்கள். அண்ணன் கைப்பிடியைப் பிடித்து வெளியே உருட்டிக்கொண்டு போனான். சந்தின் முனையில் யாரோ குறுக்கே வர, பிரேக்கைப் பிடித்தான். வண்டி கும்பிடாமல் விறைத்தபடி நின்றது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டிப் பழகியவனுக்குத்தான் தெரியும். வீதியோரம் நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

அப்பாவின் பெட்டி அந்தச் சந்து வழியாக, ஒருபக்கமும் இடிக்காமல் போனது. ஆயில் கறை இருந்த இடத்தில் யாரும் வழுக்கிவிடக் கூடாதே என்று வேன்காரர் மணல் தூவியிருந்தார். எப்போது தூவினார் என்று அவள் கவனிக்கவில்லை. பெட்டியின் பின்முனையை அவர்தான் பிடித்திருந்தார்.

அப்பாவை ஏற்றிய வண்டி முன்னால் போனது. அதன் பின்னால் வேன்காரரின் வேனில் வீட்டு ஆட்கள். அண்ணன் முன்வண்டியில் ஏறியிருந்தான். நடு இருக்கையில் அம்மாவும் அவளும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருந்த கண்ணாடியில் வேன்காரரின் கண்கள் தெரிந்தன. கன்னத்தில் அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் அவர் கண்கள் சாலைக்குப் போய்விட்டன.

வேன் ஊர்ந்தது. ஒரு சைக்கிள்காரன் தாண்டிப் போனான்.

“உன் கையெல்லாம் ஆயிலு,” என்றாள் அம்மா. தன் சேலைத் தலைப்பால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அது போகிற கறை இல்லை. வெள்ளைத் தலைப்புதான் கறுத்தது. அதைப் பார்த்தும் அம்மா நிறுத்தவில்லை. “வண்டிய மாட்டிட்டியே. அவரு இருந்தா மேஸ்திரி மேஸ்திரின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாரு.”

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அம்மா விடவில்லை.

“உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்ல வேண்டாம்மா. ஆனா எனக்குன்னு இருக்கறது இனிமே அது ஒண்ணுதான். கடைசியா என்ன சொன்னாரு?”

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்துபோக இங்கே வழியில்லை. முன்னால் போகும் வண்டியின் பின்கதவில் வெயில் பட்டுக் கண் கூசியது.

“அம்மா,” என்றாள். “அப்பா உடனே விழல.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

வேன்காரரின் இடது கை ஸ்டியரிங்கை விட்டு மேலே எழுந்தது. தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பிடித்து மெல்ல மேல்பக்கமாகத் திருப்பியது. இப்போது அதில் வேனின் கூரைத் துணியும், அதில் ஒரு பழைய கிழிசலும் மட்டும் தெரிந்தன.